வலது முன் சக்கரம்

சந்திரமோகனுக்கு அந்தச் சத்தம் முதன்முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கவரைப்பேட்டையைத் தாண்டிக் கார் வேகம் எடுத்தபோது. சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டியது அவனுடைய சகலை பாக்கியராஜ். அவன் பக்கத்தில் மாமனார் தணிகாசலம், மடியில் தேங்காய்ப் பையோடு. பின்சீட்டில் மாமியார் கெங்கம்மாள், நடுவில் சந்திரமோகனின் மனைவி சுமலதா, கதவோரம் நசுங்கிக்கொண்டு சந்திரமோகன்.

அறுபதைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு முனகல் கிளம்பியது. எழுபதில் அது கனத்தது. சாலை இடப்பக்கம் வளைந்தபோது கூடியது, வலப்பக்கம் வளைந்தபோது அடங்கியது. வேகத்தடைக்கு முன்னால் பாக்கியராஜ் நியூட்ரலில் போட்டு உருட்டியபோதும் அது மாறவில்லை. அப்படியென்றால் இஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. இடது வளைவில் வண்டியின் பாரம் வலப்பக்கம் சாயும். வலது முன் சக்கரம். உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் பதினாறு வருஷமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஓடும் மிஷினைத் தொடாமல், தள்ளி நின்றே எந்தப் பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான்.

சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து கெங்கம்மாள், "சின்ன மாப்ள ஓட்னா வயித்துல தண்ணி அலுங்காது. பஸ்ல போனா எனக்கு இடுப்பே உட்டுப்பூடும்" என்றாள்.

சந்திரமோகன் வாயை மூடிக்கொண்டான்.

பாக்கியராஜை அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுவந்ததே அவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் சுமலதாவின் தங்கை ரேணுகாவுக்கு மாப்பிள்ளை தேடியபோது, மில்லில் பேக்கிங் பிரிவில் இருந்த பாக்கியராஜைக் காட்டி, "தங்கமான பையன், குடி கிடி எதுவும் இல்ல, நான் கேரண்டி" என்று மாமனாரிடம் சொன்னவன் அவன். அன்றைக்கு அப்படிச் சொல்வதில் ஒரு பெருமையும் இருந்தது. ஆரம்பாக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டில் எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வயலில் மோட்டார் எரிந்தால், மிக்ஸி ஓடாவிட்டால், கதவுக் கீல் விழுந்தால், "பெரிய மாப்ளைக்கு போன் போடு" என்பதுதான் அந்த வீட்டுப் பேச்சு. ஷிப்ட் முடிந்த களைப்போடு பைக்கில் போவான். வேலை முடிந்ததும் கெங்கம்மாள் முட்டை ஊற்றிக் கொடுப்பாள். பத்து வருஷம் அப்படி.

பாக்கியராஜ் கல்யாணத்துக்குப் பிறகு மில்லை விட்டு நின்றான். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் எடுத்தான். கைக்குப் பணம் வந்தது. போன தை மாதம் வெள்ளைக் கலரில் பழைய கார் ஒன்று வாங்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு மாறிவிட்டது. மாமனாருக்குக் கண் ஆஸ்பத்திரியா, சின்ன மாப்ள. மாமியாருக்கு மூட்டு வலியா, சின்ன மாப்ள. மோட்டார் ரிப்பேர் ஆனபோதுகூட பாக்கியராஜ் காரில் ஒரு மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான். அந்தச் சேதி சந்திரமோகனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"உனக்கு எதுக்கு சிரமம்னுதான் சொல்லல" என்றாள் சுமலதா.

அந்த ஒரு வாக்கியம் அவனுக்குள் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

கோயில் வாசலில் செருப்பை விடும்போது பாக்கியராஜ் அவனைத் தனியாக ஓரம் கட்டினான்.

"அண்ணே, கொஞ்ச நாளா வண்டில ஏதோ சத்தம் வர்ற மாரி கீது. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க மிஷின் ஆளு. உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

சந்திரமோகன் காரைச் சுற்றி வந்தான். வலது முன் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினான். அந்தக் கணம் வரைக்கும் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"டயரு ஒரு பக்கமா தேஞ்சிருக்குது. அந்தச் சத்தம்தான். வேற ஒண்ணுமில்ல."

"அவ்ளோதானா? நான் பயந்துட்டேன்ணே."

பாக்கியராஜின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சந்நிதியில் நின்றபோது சந்திரமோகனுக்குக் கண்ணை மூட முடியவில்லை. ஆனால் மனசின் ஒரு மூலையில், வெகு நாளாகக் கிடைக்காத ஏதோ ஒன்று கிடைத்துவிட்ட மாதிரியும் இருந்தது. இவ்வளவு பேர் உட்கார்ந்து மெச்சிக்கொள்ளும் இந்தக் காரைப் பற்றி இவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

அந்த வாரமே பாக்கியராஜ் முன்பக்கம் இரண்டு டயரையும் மாற்றினான். சத்தம் போகவில்லை. "புது டயரு, ஓட ஓட அடங்கிடும்ணே" என்று அவனே போனில் சமாதானம் சொல்லிக்கொண்டான். சந்திரமோகன் "ஆமாமா" என்றான்.

மனசுக்குள் அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். ஒருநாள் அந்தக் கார் வழியில் எங்காவது நின்றுவிடும். எளாவூர் செக்போஸ்ட் கிட்டேயோ, பஜார் நடுவிலேயோ. பாக்கியராஜ் பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழிப்பான். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்போது கெங்கம்மாள் சொல்வாள், பெரிய மாப்ளைக்கு போன் போடு என்று. இவன் பைக்கில் போய் இறங்குவான், கையை வைப்பான், சொல்வான். பேரிங் அவ்வளவு சீக்கிரம் போகாது, மாசக்கணக்கில் முனகிக்கொண்டே ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மில்லில் அப்படி நம்பி விட்ட ஒரு பேரிங் ஒரே நாளில் சிதறி ஷாஃப்டையே முறித்துப் போட்டது அவனுக்கு நினைவில்லாமல் இல்லை. அந்த நினைவு வரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

மூன்று வாரம் கழிந்தது. பள்ளிப்பட்டில் தணிகாசலத்தின் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் என்பதால் தணிகாசலம் பத்தரை மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும். எல்லோரும் பாக்கியராஜின் காரில் போவதாக முடிவானது. சந்திரமோகனுக்கு அன்றைக்கு மில்லில் ஷட்டவுன். மிஷின்களைப் பிரித்துப் பார்க்கும் நாள், லீவு கிடையாது. மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

காலை ஏழரைக்குக் கார் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. பட்டுப்புடவையில் சுமலதா ஏறினாள். பத்து வயது மகள் தன்யா பெரியவர்கள் நடுவே புகுந்து உட்கார்ந்தாள். ரேணுகாவின் மடியில் அவளுடைய மூன்று வயதுப் பையன். முன்னால் தணிகாசலம். ஏழு பேர். வண்டி பின்பக்கம் அமுங்கிப்போயிருந்தது.

"பாரம் ஜாஸ்தி" என்றான் சந்திரமோகன்.

"அதுக்கு? உன் பைக்ல வரச் சொல்றியா?" என்று சுமலதா சிரித்தாள். காரிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியராஜ் கூடச் சிரித்தான்.

சந்திரமோகன் சிரிக்கவில்லை. கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

மில்லில் அன்றைக்கு ரோலிங் நின்றிருந்ததால் ஷெட்டே ஊமையாக இருந்தது. எட்டரை மணிக்கு கேன்டீனில் நாஷ்டா. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோது போன் முனகியது. தன்யா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். காருக்குள் அவளும் ரேணுகாவின் பையனும் கைதட்டிப் பாடுகிறார்கள், கெங்கம்மாள் பொக்கை வாயால் கூடவே தாளம் போடுகிறாள். சந்திரமோகனுக்கு அந்த முகங்கள் எதுவும் கண்ணில் படவில்லை. அவர்கள் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த சத்தம்தான் கேட்டது.

அது இப்போது முனகல் இல்லை. கல்லை அரைக்கிற மாதிரி கறகறவென்று வந்தது. நடுநடுவே டக், டக் என்று ஏதோ தட்டியது.

வீடியோவைத் திரும்பப் போட்டான். மூன்றாவது தடவை பாதியிலேயே நிறுத்தினான். சுமலதாவின் நம்பரை அழுத்தினான்.

"அப்பா!" என்றாள் தன்யா. "இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்."

"அம்மா எங்க? சித்தப்பாவ வண்டிய நிறுத்தச் சொல்லு. உடனே."

"இன்னாத்துக்கு?" சுமலதாவின் குரல். "இப்பதான் ஊத்துக்கோட்டை தாண்டினோம். நல்லாத்தான போய்க்கினு இருக்கோம்?"

"முன் சக்கரத்துல பேரிங் போயிருச்சு. ஓட்டக் கூடாது. ஓரம் கட்டச் சொல்லு."

"டயர்தான்னு நீதான சொன்ன? அவரும் மாத்திட்டாரு. இப்ப பேரிங்ன்ற." அவள் குரல் இறுகியது. "காத்தாலேர்ந்து உன் மூஞ்சியே சரியில்ல. நாங்க எல்லாம் ஒண்ணா கார்ல போறது உனக்குப் பொறுக்கல. அதச் சொல்லு."

"அண்ணே" என்று பாக்கியராஜ் நடுவில் புகுந்தான். "மாமா பத்தரைக்கு அங்க இருக்கணும். போய்ச் சேந்ததும் மெக்கானிக்கைப் பாத்துக்கலாம். பேஜாரு பண்ணாதீங்க."

கேன்டீனில் பக்கத்து மேசையில் நாலு பேர் இருந்தார்கள். போனில் ஏழு பேர். சந்திரமோகனுக்கு வேறு வழி எதுவும் தோன்றவில்லை.

"பாக்கியராஜ், நான் சொல்றதக் கேளு. சிறுவாபுரி போன அன்னிக்கே எனக்குத் தெரியும். பேரிங்தான்னு தெரியும். தெரிஞ்சிதான் டயருன்னு சொன்னேன். பொய் சொன்னேன். உன் காரு மேல எனக்குப் பொறாமை. போதுமா? என் பொண்ணு உள்ள இருக்குது, உன் புள்ள இருக்குது. நிறுத்துப்பா, உன் கால்ல விழறேன்."

அந்தப் பக்கம் சக்கரம் அரைக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. பிறகு இண்டிகேட்டர் தட்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"நிறுத்திட்டேன்" என்றான் பாக்கியராஜ்.

சூப்பர்வைசரிடம் என்ன சொன்னான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் இருந்த அசன் முகைதீன் ஷெட்டுக்குப் போனான். அசன் முகைதீன் பழவேற்காட்டுக்காரர், இந்தப் பக்கத்தில் கார் வேலைக்கு நம்பிக்கையான ஆள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, பஜாரில் கடை திறக்க வைத்து அந்தக் காருக்கு ஏற்ற பேரிங்கை வாங்கிக்கொண்டு, தன் பழைய வேனை எடுத்தார்.

சத்தியவேடு ரோட்டில் போகும்போது கேட்டார். "சத்தம் வந்து எவ்ளோ நாளாச்சு?"

"மூணு வாரத்துக்கு மேல."

"மூணு வாரமா? ஓட்றவருக்குக் காது கேக்காதா தம்பி?"

"அவரு கேட்டாரு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அசன் முகைதீன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வேனின் வேகத்தைக் கூட்டினார்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் ஒரு பஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில் கார் நின்றிருந்தது. அதே விசேஷத்துக்குப் போன சொந்தக்காரர் வண்டி ஒன்று அந்த வழியாக வந்து, பெரியவர்களையும் ரேணுகாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். சுமலதா மட்டும் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள். தங்கையோடு போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

பாக்கியராஜ் காருக்குப் பின்னால் நின்றிருந்தான். உள்ளங்கை சிவந்திருந்தது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறான்.

அசன் முகைதீன் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பல் விழப்போகிற மாதிரி அது கடகடவென்று ஆடியது. "அல்லா" என்றார் அவர் மெதுவாக.

சக்கரம் கழன்றது. பேரிங்கை அந்த இடத்தில் வைத்து எடுக்க முடியாது, அமுக்கிப் பொருத்தியது, அதற்கென்று பிரஸ் வேண்டும். அது உட்கார்ந்திருந்த பாகத்தை முழுசாகக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊத்துக்கோட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார்கள். பாக்கியராஜும் வந்தான். வேனில் சந்திரமோகன் அந்தச் சூடான கனத்தை மடியில் சாக்கு போட்டு வைத்திருந்தான்.

பட்டறையில் பிரஸ் இறங்க, பழைய பேரிங் மொறுக்கென்ற சத்தத்தோடு வெளியே வந்தது. அசன் முகைதீன் அதை ஒரு பழைய பேப்பரில் கொட்டினார். உள்ளே குண்டுகளைப் பிடித்து வைக்கும் வளையம் துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. குண்டுகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். கிரீஸ் கருகிக் கரியாகியிருந்தது.

"இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் போயிருந்தா சக்கரம் இறுகிப்போயிருக்கும். இல்லாட்டி கழண்டு தனியா போயிருக்கும்" என்றார் பாக்கியராஜைப் பார்த்து. "உங்க நல்ல நேரம் சார்."

பாக்கியராஜ் ஒரு குண்டை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான். அவன் பேசியபோது குரல் உயரவில்லை.

"டயர் கடைக்காரனும் டயர்னுதான் சொன்னான். அவன் தெரியாம சொன்னான். நீ தெரிஞ்சி சொன்ன."

ஆறு வருஷத்தில் பாக்கியராஜ் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சந்திரமோகன் தலையை ஆட்டினான். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். பாக்கியராஜ் அடிக்கவில்லை, கத்தவில்லை. குண்டைப் பேப்பரில் போட்டுவிட்டு, அசன் முகைதீனுக்கு டீ சொல்லப் போனான். அப்போதுகூடச் சந்திரமோகனுக்குள் ஒன்று முணுமுணுத்தது, இவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு நிதானமாக நின்றிருப்பேனா என்று. அந்த நிதானத்தின் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பு வந்தது.

புது பேரிங்கை ஏற்றி, திரும்ப வந்து பூட்டும் வேலையில் சந்திரமோகனும் கை கொடுத்தான். வெயில் ஏறிவிட்டது. சுமலதா எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை முதலில் அசன் முகைதீனிடம் கொடுத்தாள், பிறகு பாக்கியராஜிடம். பாட்டில் காலியாகிவிட்டது. அதைப் பார்த்தபிறகும் அவள் சந்திரமோகன் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணிக்குக் கார் கிளம்பியது. எண்பதில் போனபோதும் ஒரு சத்தமும் இல்லை.

பள்ளிப்பட்டில் பந்தியே முடியப்போகிற நேரம். சந்திரமோகனுக்கு மண்டபத்துக்குள் கால் வைக்கக் கூசியது. நடந்தது முழுவதும் ஸ்பீக்கரில் கேட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். சொந்தக்காரர்கள் யாரோ, "இன்னா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டார்கள்.

கெங்கம்மாள் முந்திக்கொண்டாள். "வழில வண்டி நின்னுபோச்சு. ரெண்டு மாப்ளைங்களுமா சேந்து சரி பண்ணிக்கினு வராங்க. பாவம், பசியோட வந்திருக்காங்க, எல போடுங்க."

தணிகாசலம் அவன் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கை வைப்பார் என்று நினைத்தான். வைக்கவில்லை. "சாப்புடு நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். இலையில் விழுந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எதிர் வரிசையில் தன்யா, தன் சித்தப்பா மடியில் ஏறி உட்கார்ந்து ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகு சுமலதா சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சமைத்தாள், போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கார்ல நாங்க ஏறும்போது நீ வாசல்ல நின்ன. கைய ஆட்டின. அத மட்டும் என்னால மறக்க முடியல" என்றாள். பாரம் ஜாஸ்தி என்று சொன்னேனே என்று சொல்ல வந்தான். அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவனுக்கே தெரிந்தது.

பாக்கியராஜ் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனான். ரேணுகா கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். பாக்கியராஜ் வந்து எதிரில் உட்கார்ந்தான். சந்திரமோகன் மன்னிப்புக் கேட்டான். சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சாவியவே குடுத்திருப்பேனே" என்றான் பாக்கியராஜ். "போகட்டும். ஆனா கொஞ்ச நாள் ஆவும். சட்டுனு வராது."

"தெரியும்" என்றான் சந்திரமோகன்.

கொஞ்ச நாள் என்பது மாசங்களாக ஓடியது. விசேஷங்களில் பார்த்தால் பாக்கியராஜ் "வாங்க" என்பான். 'அண்ணே' மட்டும் வரவில்லை.

ஆடி மாதம் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுமலதா சொன்னாள். "நானும் ரேணுகாவும் கார் ஓட்டக் கத்துக்கப் போறோம். ஞாயித்துக்கெழம காலைல. பாக்கியராஜ் தம்பி சொல்லித் தரேன்னு சொல்லிக்கீறாரு."

சந்திரமோகனின் கை சோற்றில் நின்றது. நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் மளமளவென்று ஏறி வருவது அவனுக்கே தெரிந்தது. கார் இன்னொருவனுடையது, சொல்லிக் கொடுக்கிறவன் இன்னொருவன், ஓட்டப்போவது இவன் மனைவி. நல்லது, போ என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் புழுங்க அவனுக்கு நன்றாகவே தெரியும். வருஷக்கணக்காக அதைத்தான் செய்துவந்தான்.

"எனக்கு வயிறு எரியுது சுமா" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிப்பட்டுக்குப் போன நாளிலிருந்து அவனை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"இன்னா சொன்ன?"

"வயிறு எரியுதுன்னேன். அவன் காரு, அவன் சொல்லித் தரான், நீ ஓட்டப் போற. எனக்குப் பொறுக்கல. நீ போவாதன்னு சொல்லல. போ. ஆனா எரியுது. மறைக்காம சொல்லிடணும்னு தோணிச்சு."

சுமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"எரியட்டும்" என்று சொல்லிவிட்டு மோர்ப் பாத்திரத்தை எடுத்தாள். "தட்ட காட்டு."

அவன் தட்டை நீட்டினான்.